டிக்கெட் கவுன்டர்: பாதி வழியில் இறங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், டல்லாஸில் எம்.எஸ். படிக்கிறான். லீவுக்கு சார்லட் நகரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். நேராக சார்லட்டுக்கு டிக்கெட் எடுத்தால் விலை அதிகமாம். சார்லட்டில் மாறி நியூயார்க் போகிற டிக்கெட் அதைவிடக் குறைவாம். அதை எடுத்து சார்லட்டிலேயே இறங்கிவிடுகிறேன் என்கிறான். "கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டு சேலத்துல இறங்கினா யாரும்மா கேக்கறாங்க?" என்று என்னையே மடக்குகிறான். எங்களுக்கு வழக்கமாக டிக்கெட் போடும் ஏஜென்ட்டோ, "இதை நான் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கேஸ், விசா என்று ஏதாவது வந்துவிடுமோ? - வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, பயத்தை முதலில் விடுங்கள். இது குற்றம் இல்லை. படிப்பு விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிக்கெட் வாங்கும்போது நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று டிக் அடிக்கிறோமே, அதை மீறுகிற விஷயம் இது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

விலை ஏன் இப்படி என்று உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்கும் சொல்கிறேன். விமானக் கட்டணம் தூரத்தைப் பார்த்துப் போடுவது அல்ல. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, அந்த வழியில் எத்தனை விமான நிறுவனங்கள் போட்டிக்கு நிற்கின்றன என்று பார்த்துப் போடுவது. டல்லாஸும் சார்லட்டும் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பெரிய மையங்கள். அந்த வழியில் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. நியூயார்க்குக்குப் பல நிறுவனங்கள் பறக்கின்றன, அதனால் விலையை இறக்கியாக வேண்டும். அப்படித்தான் கூடுதல் தூரம் போகிற டிக்கெட் மலிவாகிவிடுகிறது. விலையைப் போட்டது அவர்களே. காசு கொடுத்து வாங்கிய சீட்டில் கடைசிவரை உட்காரவில்லை என்பதற்காக ஒரு மாணவனைத் திருடனைப் போலப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை.

சரி, பஸ் கதைக்கு வருவோம். சேலத்தில் இறங்கினால் கண்டக்டர் உங்கள் ரிட்டர்ன் டிக்கெட்டைக் கிழித்துப் போட மாட்டார். விமானத்தில் அதுதான் நடக்கும். ஒரே டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு பயணமும் ஒரு கூப்பன். வரிசையாகத்தான் பயன்படுத்த வேண்டும். ஒன்றை விட்டால் அதற்கு அப்புறம் உள்ளதெல்லாம் ரத்து. உங்கள் மகன் போக வர ஒரே டிக்கெட்டாக எடுத்து சார்லட்டில் இறங்கினால், திரும்பி வருகிற டிக்கெட் போச்சு. லீவு முடிகிற நாளில் புது டிக்கெட் எடுக்க வேண்டிவரும், மிச்சம் பிடித்தது போக மேலும் செலவாகும்.

அடுத்தது பெட்டி. செக்-இன் கவுன்டரில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றி ஒட்டுகிற டேக்கைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரிய எழுத்தில் இருக்கும் மூன்று எழுத்து கடைசி ஊரின் குறியீடு. பையன் சார்லட்டில் நிற்பான், பெட்டி நியூயார்க்கில் சுற்றிக்கொண்டிருக்கும். கைப்பை மட்டும் என்றாலும், விமானம் நிறைந்துவிட்டால் கடைசியாக ஏறுகிறவர்களின் பையை வாசலிலேயே வாங்கி, அதே கடைசி ஊருக்கு டேக் போட்டு அனுப்பிவிடுவார்கள். புயல், பனி என்று சார்லட் விமானம் ரத்தானால் இன்னொரு தொல்லை. நியூயார்க் போகிறவர்தானே என்று வேறு ஊர் வழியாக அனுப்புவார்கள். "எனக்கு சார்லட்தான் வேண்டும்" என்று வாய் திறந்து கேட்க முடியாது.

இதே சார்லட் விஷயத்தில் 2023-இல் ஒரு சம்பவம் நடந்தது. ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில் விமான நிலையத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இப்படித்தான் நியூயார்க் டிக்கெட்டோடு வந்தான். அவனுடைய ஓட்டுநர் உரிமத்தில் சார்லட் இருக்கிற வட கரோலினா மாநிலத்தின் முகவரி இருந்ததைப் பார்த்துக் கவுன்டர் ஊழியர்களுக்குச் சந்தேகம் வந்தது. டிக்கெட்டை ரத்து செய்து, குடும்பத்தாரைப் புதிதாக நேரடி டிக்கெட் வாங்க வைத்தார்கள்.

கேஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி டிக்கெட்டுகளைத் தேடிக்கொடுக்கும் ஸ்கிப்லேக்ட் என்ற தளத்தின் மீது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023-இல் வழக்குப் போட்டது. 2024 அக்டோபரில் டெக்ஸாஸ் ஜூரி 94 லட்சம் டாலர் தரச் சொன்னது. அது தளத்தின் மீதான வழக்கு. பயணியின் மீதே வழக்குப் போட்டது ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம். ஆஸ்லோவிலிருந்து சியாட்டிலுக்குப் போக வர டிக்கெட் எடுத்த ஒருவர், திரும்பும்போது ஃப்ராங்க்ஃபர்ட்டோடு இறங்கிக்கொண்டார். அவரிடம் 2,112 யூரோ கேட்டார்கள். 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பொதுவாக நிறுவனங்கள் செய்வது வேறு: அடிக்கடி இப்படிப் போகிறவரின் மைலேஜ் கணக்கை (பறக்கப் பறக்கச் சலுகைப் புள்ளி சேரும் கணக்கு) மூடுவது, சேர்த்த மைல்களைப் பிடுங்குவது.

உங்கள் ஏஜென்ட் மறுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படி டிக்கெட் போட்டுக் கொடுத்தால் கட்டண வித்தியாசத்தை டெபிட் மெமோவாக, அதாவது நிறுவனம் ஏஜென்ட்டிடம் பணம் கேட்டு அனுப்பும் சீட்டாக, ஏஜென்ட் தலையில்தான் கட்டுவார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நானும் அதனால்தான் போடுவதில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மகனிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கேட்காமல் போவான் என்றால், போகிற வழிக்கு மட்டும் தனி டிக்கெட், முதுகில் ஒரு சின்ன பை, மைலேஜ் எண் கொடுக்காமல் இருப்பது, இந்த மூன்று விஷயமாவது இருக்கட்டும். இந்தியா வரும் டிக்கெட்டில் மட்டும் இந்த விளையாட்டே வேண்டாம். இரண்டு பெரிய பெட்டி, திரும்பிப் போகிற பயணம், குடியேற்றச் சோதனை எல்லாம் அந்த ஒரு டிக்கெட்டில் இருக்கிறது.

கேள்வி: கமலாபுரத்திலிருந்து (சேலம் விமான நிலையம்) சென்னை, சென்னையில் மாறி டெல்லி என்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். முந்தின நாள் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். சேலம் வராமல் சென்னையிலேயே ஏறிக்கொள்ளலாமா? சேலம்-சென்னைக்குக் கொடுத்த காசு போனால் போகட்டும். - வாசகர், ஆத்தூர்

பதில்: கூடவே கூடாதுங்க. மேலே சொன்னது கடைசிப் பயணத்தை விடுவது, உங்களுடையது முதல் பயணத்தை விடுவது. அதைவிட ஆபத்து இதுதான். கமலாபுரத்தில் நீங்கள் ஏறவில்லை என்றதும் 'நோ ஷோ', அதாவது பயணி வரவில்லை என்று பதிவாகும். டெல்லி சீட்டும் அதோடு போய்விடும். சென்னைக் கவுன்டரில் டிக்கெட்டைக் காட்டிக் கெஞ்சியும் பயன் இருக்காது. 2023 அக்டோபரில் சேலத்துக்கு மறுபடி விமானம் வந்ததிலிருந்து என்னிடம் இந்தக் கேள்வி நிறையவே வருகிறது.

முதலில் டிக்கெட்டில் உள்ள பி.என்.ஆர். என்ற முன்பதிவு எண்ணைப் பாருங்கள். இரண்டுக்கும் வேறு வேறு எண் என்றால் அவை தனித்தனி டிக்கெட், தாராளமாகச் சென்னையில் ஏறலாம். ஒரே எண் என்றால், சேலம் விமானம் கிளம்பும் முன்பே நிறுவனத்தையோ ஏஜென்ட்டையோ கூப்பிட்டு, சென்னையிலிருந்து ஏறும்படி மாற்றச் சொல்லுங்கள். கட்டணத்தைப் புதிதாகக் கணக்கிடுவார்கள். அது சென்னை-டெல்லி புது டிக்கெட்டை விடக் கூடுதலா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மாற்றியதும் புது இ-டிக்கெட்டை அனுப்பச் சொல்லி, புறப்படும் இடம் சென்னை என்று இருக்கிறதா பாருங்கள். வாயால் "மாத்தியாச்சு சார்" என்று சொன்னால் போதாது.

கேள்வி: கிருஷ்ணகிரி டோல்கேட்டில் மாட்டிக்கொண்டு பெங்களூரு விமானத்தைத் தவறவிட்டேன். பணம் மொத்தமும் போச்சா? - வாசகர், அம்மாபேட்டை

பதில்: அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் போனதுதான். ஆனால் வரிகளும் விமான நிலையத்தைப் பயன்படுத்துவதற்கான யூ.டி.எஃப். கட்டணமும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். ரீஃபண்ட் கிடையாது என்று போட்ட டிக்கெட்டுக்கும் இது பொருந்தும், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி அது. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். இழுத்தடித்தால் விமானப் பயணிகளுக்கான அரசின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் கொடுங்கள்.