சிவப்பு மண்டலத்தில் மனை வாங்கலாமா?

கேள்வி: குன்னூர் பக்கம் 5 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். பட்டா இருக்கிறது. நிலச்சரிவு வரைபடத்தில் அந்த இடம் சிவப்பாக இருப்பதாக மகன் சொல்கிறான். "நாற்பது வருஷமா இங்கே எந்தப் பேரிடரும் வந்ததில்லை" என்கிறார் புரோக்கர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள்.

புரோக்கர் பேரிடரைப் பற்றிப் பேசுகிறார், வரைபடம் இடரைக் காட்டுகிறது. செங்குத்தான சரிவு, அதன்மேல் தடிமனான மண், கனமழை மூன்றும் சேர்ந்தால் அங்கே மண் சரிய வாய்ப்பு எப்போதும் உண்டு. அதுதான் இடர். சரியும் வழியில் ஆட்கள் குடியிருந்தால்தான் அது பேரிடராகிறது.

நீலகிரியிலேயே பாருங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பெரும்பாலும் காடு என்பதால் உயிரிழப்பு குறைவு. 2009 நவம்பரில் கேத்தியிலும் கிட்டத்தட்ட அதே மழை. அந்த முறை மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காலி நிலத்தில் நாற்பது வருஷம் யாரும் சாகவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதுவும் பொக்லைன் வைத்து அடிப்பகுதியை வெட்டிச் சமப்படுத்திவிட்டால், இதுவரை நின்ற சரிவு இனியும் நிற்கும் என்று சொல்லவே முடியாது. புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவரைக் காட்டி விலை ஏற்றுவார்கள். தண்ணீர் வெளியேற அதில் துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பாறை மேல் அமைந்த மனைக்குப் பயம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பாறை? மண்ணுக்குள் புதைந்து தலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டைக் கல்லும் பார்க்கப் பாறை போலவே இருக்கும். மண் நகர்ந்தால் அதுவும் சேர்ந்து உருளும். பக்கத்தில் சாலைக்காக வெட்டிய இடத்தைப் போய்ப் பாருங்கள். கல்லுக்குக் கீழே மறுபடி மண் தெரிந்தால் அது தாய்ப்பாறை இல்லை. கீழே வரை பாறையாகவே இறங்கினால்தான் இந்த விலக்கு பொருந்தும். அப்போதும் மனைக்கு மேலே இருக்கும் சரிவில் மண் எவ்வளவு என்று பார்த்தாக வேண்டும்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்த வரைபடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். உங்கள் 5 சென்ட் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. எனவே சிவப்பு என்பதாலேயே மனை வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டாவிலும் சரி, பத்திரத்திலும் சரி, இந்தத் தகவலுக்கு ஒரு வரிகூட இடமில்லை. வரைபடம் போடத் தெரிந்த அரசுக்கு அதைப் பத்திரத்தோடு ஒரு தாளாக இணைக்க என்ன தடை? உங்கள் மகன் தேடாவிட்டால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. மே மாதத்தில் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். நவம்பரில் நல்ல மழைக்கு மறுநாள் போங்கள். மேல் சரிவில் வெடிப்பு, புதிதாக ஊறும் நீர், வாய்க்கால் அடைப்பு ஏதாவது தெரிந்தால் விட்டுவிடுங்கள். தெரியாவிட்டாலும் ஒரு புவியியலாளரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்று விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு மனை பாருங்கள்.