மகன் செய்த மோசடிக்கு நான் வில்லனா?

வணக்கம் அம்மா,

மொரீசியஸில் ரோஸ் ஹில் பக்கம் இருக்கிறோம். ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மகனுக்கு 24 வயது. பிள்ளையை அவையில் முந்தியிருக்கச் செய்வதுதானே தகப்பன் கடமை? செய்தேன். ஆரம்பப் பள்ளி முடிவில் அப்போது இருந்த சி.பி.இ. பரீட்சைக்கு முன் பள்ளி விட்டால் லெசோன், அதாவது தனி டியூஷன், சனிக்கிழமையும் லெசோன். நல்ல காலேஜில், இங்கே உயர்நிலைப் பள்ளிக்கு அதுதான் பெயர், இடம் கிடைத்தது. பள்ளி இறுதிப் பரீட்சையான எச்.எஸ்.சி.யில் முதல் வரிசையில் தேறி லோரியா ஆவான், அரசாங்கச் செலவில் வெளிநாடு போய்ப் படிப்பான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். தேறினான், அவ்வளவுதான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். கொஞ்ச நாளில் வீட்டை விட்டுப் போய்விட்டான்.

இப்போது கனடாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, அவன் சின்னம்மாவிடமும் இன்னும் இரண்டு உறவுக்காரர்களிடமும் ஆளுக்கு 75,000 ரூபாய் வாங்கி ஏமாற்றியிருக்கிறான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன்தான் இதற்குத் தரகன் என்று எல்லோரும் அவனைத் திட்டுகிறார்கள். அவனுக்குச் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் செய்திகளைப் பார்த்தேன். அது வேறு விஷயம்.

என் மகள் எச்.எஸ்.சி. படிக்கிறாள். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் சொல்கிறாள்: "கதையில் வில்லன் அந்த ராட்சதன் இல்லப்பா, அவனைச் செஞ்சுட்டு ஓடிப்போன ஆள்தான். நம்ம வீட்டிலயும் அப்படித்தான்." எனக்குத் தூக்கம் போய்விட்டது. சோறு போட்டுப் படிக்க வைத்த நானா வில்லன்?

- பெயர் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் நாவலைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள், பாதி வரை.

1818இல் வந்த கதை அது. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் பிணங்களின் பாகங்களைச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்குகிறான். உண்டாக்கியது குற்றமா என்று வாதாடலாம். அது கண் திறந்ததும் அருவருத்து அறையை விட்டு ஓடினானே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது? ஒரு பெயர்கூட வைக்கவில்லை. நீங்கள் லெசோனுக்கு அனுப்பியது என்னை உறுத்தவில்லை. அந்தக் காலத்தில் அனுப்பாத வீடு அங்கே குறைவு. பரீட்சை முடிவு வந்த நாளில் பேச்சை நிறுத்தினீர்கள், அதுதான் உறுத்துகிறது. பெற்றவர்களின் அன்பு நிபந்தனையோடு வந்தால், பிள்ளை தன் மதிப்பையும் அந்த நிபந்தனையை வைத்தே அளக்கத் தொடங்கும் என்று கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் விளக்கினார். ஜெயித்தால்தான் இந்த வீட்டுப் பிள்ளை என்று பழகியவன், ஜெயித்த மாதிரிக் காட்டிக்கொள்ளவும் பழகுவான். வெளிநாடு அனுப்பிவைக்கும் பெரிய மனிதன் வேடத்தை உங்கள் மகன் பிடித்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆனாலும் மோசடி அவனுடையது. முகம் திருப்பிய அப்பாக்கள் எங்கும் உண்டு. அவர்கள் பிள்ளைகளெல்லாம் சின்னம்மா பணத்தில் கை வைப்பதில்லை. தனிமைதான் தன்னைக் கெடுத்தது என்று நாவலில் அந்த உயிர் சொல்வது நிஜம். சிறுவன் வில்லியமின் கழுத்தை நெரித்தது அதன் கைதான் என்பதும் நிஜம். உங்கள் பங்கைக் கூட்டிச் சொல்வதால் மகனுடைய பங்கு குறைந்துவிடாது.

பாதி வரை என்றேனே, மீதியில் ஜஸ்டின் வருகிறாள். அந்தக் குடும்பத்தின் வேலைக்காரப் பெண். வில்லியமைக் கொன்ற பழி அவள்மேல் விழுகிறது. கொன்றது யாரென்று விக்டருக்குத் தெரியும். அவள் நிரபராதி என்று வீட்டில் சொல்கிறான். தெரிந்த கதையை மட்டும் வெளியே விடவில்லை, பைத்தியம் என்பார்களே என்று. அவளைத் தூக்கில் போடுகிறார்கள். சாகும் தறுவாயிலும் விக்டர் தன் நடத்தையில் குறை காணவில்லை. அவன் உடலருகே நின்று தன்னையே வெறுத்துப் புலம்புவது அந்த ராட்சதன்தான்.

உங்கள் தங்கை மகனைப் பற்றி எழுதிவிட்டு "அது வேறு விஷயம்" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமான இடம். யார் வில்லன் என்று ராத்திரியெல்லாம் வழக்கு நடத்துகிறீர்கள். உங்கள் சாட்சி தேவைப்படும் வழக்கு தங்கை வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. குற்ற உணர்வு எதையாவது சரிசெய்யச் சொல்லி ஆளை நச்சரிக்கும். வெட்கம் ஒளியத்தான் வைக்கும். உங்களைப் பிடித்திருப்பது வெட்கம் என்று நினைக்கிறேன்.

முதலில் மகனுக்குப் போன் செய்து, உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிடுங்கள். இத்தனை வருஷம் கழித்து அப்பா குரல் கேட்டால் கத்துவான், இல்லை வைத்துவிடுவான். மறுபடி கூப்பிடுங்கள். மன்னிப்புக் கேட்பதானால் பேசாமல் இருந்ததற்கு மட்டும் கேளுங்கள். பணத்துக்கு அவன் பதில் சொல்லட்டும். அவன் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே தங்கை வீட்டுக்குப் போங்கள், பணம் கொடுத்த மூவருக்கும் அந்தச் செய்திகளைக் காட்டுங்கள். போலீசுக்குப் போவதா என்பது அவர்கள் முடிவு. தடுக்காதீர்கள். நீங்களே கடனை அடைத்து விஷயத்தை மூடியும் விடாதீர்கள்.

மகளைத் தூது அனுப்ப வேண்டாம், அவளுக்குப் பரீட்சை இருக்கிறது. அப்புறம், இதெல்லாம் செய்தும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.