லித்துவேனிய மொழி பேசுபவருக்கு ஆங்கில நேரச் சொற்களை எப்படிச் சொல்லித்தருவது?

நீங்கள் வில்னியஸில் படிக்கிறீர்கள். பக்கத்து வீட்டு அம்மா ஆறு வாரத்தில் வேலைக்காக டப்ளின் போகிறார். அவருக்கு ஆங்கிலம் ஓரளவு பேச வருகிறது. மணி, கிழமை, தேதி என்று வந்தால் மட்டும் தடுமாறுகிறார், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கிலாந்தில் பீட்டர்பரோவில் இருக்கிறேன். 2004-இல் லித்துவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு இந்த ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் நிறைய லித்துவேனியர்கள் வேலைக்கு வந்தார்கள். காய்கறி பேக்கிங், கிடங்கு வேலை, முதியோர் பராமரிப்பு என்று பல வேலைகள். அவர்களில் சிலருக்கு ஆறு வருடம் சனிக்கிழமை காலைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். நேரத்தைச் சொல்லும்போது அவர்கள் செய்யும் தவறுகள் கவனக்குறைவால் வருபவை அல்ல. லித்துவேனிய மொழியின் கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. அந்தக் கணக்கை நாம் புரிந்துகொண்டால் சொல்லித்தருவது எளிது. தமிழ் பேசுகிற உங்களுக்கு அது இன்னும் சீக்கிரம் பிடிபடும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் அரை மணிக் கணக்கு. மற்ற எதையும் விட இதுதான் அவசரம், ஏனென்றால் இதில் தவறினால் முழுதாக ஒரு மணி நேரம் தவறும்.

என் வகுப்புக்கு வந்த ஒரு பெண்மணிக்கு ஒரு பேக்கிங் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் "ஹாஃப் சிக்ஸுக்கு வந்துவிடு" என்று மேற்பார்வையாளர் ஃபோனில் சொன்னார். அவர் சொன்னது ஆறரை. இந்தப் பெண்மணி போய் நின்றது ஐந்தரைக்கு. ஜனவரி மாத இருட்டில், பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை இதைச் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஏன் ஐந்தரை என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். பேனாவை வாங்கி என் நோட்டில் ஒரு கடிகாரம் வரைந்தார். 5-க்கும் 6-க்கும் நடுவில் உள்ள துண்டில் சரிபாதியைக் கோடு போட்டு நிரப்பினார். "இது ஆறாவது மணி. இதில் பாதி ஆகிவிட்டது. அதனால் பாதி ஆறு" என்றார்.

லித்துவேனிய மொழியில் இரண்டரை மணிக்கு "புசே த்ரியூ" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "மூன்றின் பாதி". அதாவது மூன்றை நோக்கி நடந்துகொண்டிருக்கிறோம், பாதி தூரம் வந்தாகிவிட்டது. நாமோ இரண்டு முடிந்து அதற்கு மேல் அரை என்று கூட்டுகிறோம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் முழுதாகச் சொன்னால் "ஹாஃப் பாஸ்ட் டூ", இரண்டைத் தாண்டி அரை. நம் இரண்டரையேதான். ஆனால் பேச்சில் நடுவில் இருக்கும் "பாஸ்ட்" விழுந்துவிடுகிறது. மீதியாகும் "ஹாஃப் டூ" லித்துவேனியக் காதுக்கு ஒன்றரை என்றுதான் கேட்கும். டப்ளினில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். அதனால் அவர் வாயால் சொல்லும்போது "டூ தேர்ட்டி" என்றே சொல்லட்டும், அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. காதால் கேட்கும்போது மட்டும், விழுந்துபோன அந்தப் "பாஸ்ட்"டை மனதுக்குள் மறுபடி சேர்த்துக்கொள்ளப் பழக்குங்கள்.

கால் மணி, முக்கால் மணி விஷயத்தில் கவலை வேண்டாம். இரண்டே முக்காலுக்கு அவர்கள் "பதினைந்து இல்லாமல் மூன்று" என்பார்கள், ஆங்கிலத்தின் "குவார்ட்டர் டு த்ரீ" அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மணி கேட்பதில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள ஓர் ஒற்றுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் "கெலின்தா வலந்தா?" என்று கேட்பார்கள். "கெலின்தா" என்றால் எத்தனையாவது. "எத்தனையாவது மணி?" என்பதுதான் கேள்வி. "இந்தியாவின் எத்தனையாவது பிரதமர்?" என்பதை ஆங்கிலத்தில் கேட்கத் திணறியிருப்பீர்கள் அல்லவா? ஆங்கிலத்தில் அதற்கு நேரான சொல்லே இல்லை. லித்துவேனிய மொழியில் இருக்கிறது. கேள்வி அப்படி இருப்பதால் பதிலும் "மூன்றாவது மணி" என்று வரும். ஆங்கிலத்திலும் அந்த அம்மா "தேர்ட் அவர்" என்று சொன்னால், மூன்று மணியைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். "மணி சொல்லும்போது ஆவது வேண்டாம், வெறும் எண் போதும், ஆவது தேதிக்கு மட்டும்" என்று சொல்லிக்கொடுங்கள்.

அடுத்து, வேலைக்குப் போகிறவருக்கு மிகவும் தேவையானது "இக்கி". இந்தச் சின்னச் சொல்லை நீங்கள் தினமும் கேட்டிருப்பீர்கள். கடையிலிருந்து கிளம்பும்போது "இக்கி!" என்கிறார்களே, அது "மறுபடி பார்க்கும் வரை" என்பதன் சுருக்கம். அதன் பொருள் "வரை". சிக்கல் என்னவென்றால், "க்குள்" என்பதற்கும் அவர்களுக்கு இதே சொல்தான். "வெள்ளிக்கிழமை வரை வேலை செய்வேன்", "வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்" இரண்டிலும் "இக்கி" வரும். ஆங்கிலத்தில் முதலாவதுக்கு "அன்டில்", இரண்டாவதுக்கு "பை". என் மாணவர்கள் எல்லோரும் இரண்டுக்கும் "அன்டில்" போட்டார்கள். "ஃபார்மை வெள்ளி அன்டில் அனுப்புகிறேன்" என்று எழுதினால், படிக்கிற அதிகாரிக்கு என்ன புரியும்? வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பாரா?

இங்கேதான் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். வரை, க்குள் என்ற வித்தியாசம் உங்களுக்கு ரத்தத்திலேயே ஊறியது. "பை" வருமா "அன்டில்" வருமா என்று நீங்கள் ஒருபோதும் யோசிக்க வேண்டியதில்லை. என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த வழி இது: ஒரு கோடு போடுங்கள், அதன் முடிவில் வெள்ளி என்று எழுதுங்கள். வேலை கோடு முழுக்க நடந்தால் "அன்டில்". கோட்டில் எங்கோ ஓர் இடத்தில் ஒரே ஒரு புள்ளியாக நடந்தால் "பை". மூன்று வகுப்புகள் கோடும் புள்ளியுமாகவே போயின, ஆனால் அதன் பிறகு அந்தத் தவறு குறைந்துவிட்டது.

கடைசி நாளைக் குறிக்க அவர்களிடம் "தெர்மினாஸ்" என்று ஒரு சொல் உண்டு. அதை அப்படியே "டெர்ம்" என்று ஆங்கிலமாக்கிவிடுவார்கள். "டெட்லைன்" என்று திருத்துங்கள், அது போதும்.

அப்புறம் முன்னும் பின்னும். இதில் நீங்களும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாமும் இதே தவறைச் செய்கிறவர்கள். "மூன்று நாளைக்கு முன்பு வந்தேன்" என்பதை நம் ஊர்க்காரர்கள் பலர் "பிஃபோர் த்ரீ டேஸ்" என்பார்கள். லித்துவேனியரும் அதையே சொல்வார்கள். அவர்களுடைய "ப்ரியேஷ்" நம் "முன்" மாதிரி எல்லா இடத்துக்கும் பொருந்துகிற சொல். சாப்பாட்டுக்கு முன், வீட்டுக்கு முன், மூன்று நாளைக்கு முன் எல்லாம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் "அகோ", வேறொன்றுக்கு முன் என்றால் "பிஃபோர்". இன்னொன்றும் உண்டு. "ப்ரியேஷ்" நாளுக்கு முன்னால் வரும், "அகோ" நாளுக்குப் பின்னால் வரும். அதனால் சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும். "மூன்று நாள் முன்" என்று சொல்கிற நமக்கு அந்த வரிசை தானாக வரும், அவருக்கு வராது.

எதிர்காலம் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். "போ" என்றால் பிறகு, "பெர்" என்றால் அதற்குள் அல்லது அவ்வளவு நேரத்தில். ஒரு மணி நேரம் கழித்துச் செய்கிறேன், ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கிறேன் இரண்டும் அவர்கள் மொழியில் தெளிவாகத் தனித்தனி. ஆங்கிலத்தின் "இன் ஆன் அவர்" இரண்டுக்கும் வரும். "ஒரு மணி நேரத்தில்" என்று நாம் சொல்வதும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"அட், ஆன், இன்" மூன்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். மணிக்கு அட், நாளுக்கு ஆன், மாதத்துக்கும் வருடத்துக்கும் இன். காலைக்கு இன், ராத்திரிக்கு அட். அவர்கள் மொழியில் கிழமை, மணி, பருவம் எல்லாவற்றுக்கும் சொல்லின் கடைசியில் ஒரே வேற்றுமை உருபு சேர்ந்தால் முடிந்தது. அதனால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் கிடைக்காது. இதில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். இங்கே தவறினாலும் யாருடைய வேலையும் போய்விடாது.

நேர்காணலில் கட்டாயம் வரும் ஒன்றுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். "ஐந்து வருடமாக இந்த வேலை செய்கிறேன்." தமிழில் நிகழ்காலம். லித்துவேனிய மொழியிலும் நிகழ்காலம்தான், கூடவே "ஏற்கெனவே" என்று பொருள் தரும் "யாவ்" வரும். அதனால் அவர் "ஐ ஒர்க் ஆல்ரெடி ஃபைவ் இயர்ஸ்" என்பார். ஆங்கிலம் இதற்கு "ஐ ஹேவ் ஒர்க்ட்" கேட்கிறது. நமக்கும் இது இயல்பாக வருவதில்லை, ஆகவே விளக்கத்தைக் குறைத்து அந்த ஒரு வாக்கியத்தை அவருடைய சொந்த அனுபவத்தை வைத்து இருபது முறை சொல்லவையுங்கள். "இயர்ஸ்" என்ற இடத்தையும் கவனியுங்கள். வருடத்துக்கு அவர்கள் சொல்லும் "மெத்தாய்" எப்போதுமே பன்மை, ஒரு வருடம் என்றாலும் பன்மை. "ஒன் இயர்ஸ்" என்று வந்தால் காரணம் அதுதான்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சின்ன வயதில் வழக்கமாகச் செய்ததைச் சொல்ல அவர்களுக்குத் தனி இறந்தகாலமே உண்டு, வினையில் "தவ்" என்று ஓர் ஒலி சேரும். "எய்தவாவ்" என்றால் போவேன், போவது வழக்கம். அண்டை மொழியான லாட்வியனில்கூட இப்படி ஒன்று கிடையாது. ஆங்கிலத்தின் "யூஸ்டு டு" இதற்கு அச்சாகப் பொருந்தும். அதைச் சொல்லிக்கொடுத்த அன்று வகுப்பு முழுக்கத் தங்கள் பாட்டி வீட்டுக் கதைகளை ஆங்கிலத்தில் சொல்லித் தீர்த்தது.

தேதியில் ஒரே ஒரு எச்சரிக்கை. லித்துவேனியாவில் வருடம், மாதம், நாள் என்று எழுதுவார்கள். சுதந்திரத்தை மீட்டெடுத்த நாள் 1990-03-11. அயர்லாந்தில் அது 11/03/1990. படிவம் நிரப்பும் முன் எழுதிப் பழகட்டும். மாதப் பெயரும் கிழமைப் பெயரும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதையும் சொல்லுங்கள், அவர்கள் மொழியில் சின்ன எழுத்துதான்.

மாதங்கள் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர்களுடைய ஏப்ரல் புறா, மே குயில், ஜூலை லிண்டன் மரம். ஆகஸ்ட் ரை தானியம் அறுக்கும் மாதம், செப்டம்பர் அதை விதைக்கும் மாதம், நவம்பர் இலை உதிரும் மாதம். ஆங்கிலப் பெயர்களைச் சொல்லித்தரும் முன் அவரிடம் இவற்றைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நாளை மறுநாளுக்கு "போரீத்", முந்தாநாளுக்கு "உஷ்வாகர்" என்று அவர்களிடமும் ஒற்றைச் சொற்கள் இருக்கின்றன. இன்றைய ஆங்கிலப் பேச்சில் அப்படி இல்லை, நீட்டித்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்தபோது என் மாணவர்களுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

சரி, முதல் வகுப்புக்கு ஓர் அட்டைக் கடிகாரம் செய்துகொண்டு போங்கள். கடைசி வாரம் நேரில் வேண்டாம், ஃபோனில் கூப்பிடுங்கள். "சீ யூ அட் ஹாஃப் ஃபைவ்" என்று வேகமாகச் சொல்லி வைத்துவிட்டு, கடிகாரத்தை வரைந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். பெரிய முள் 6-இலும் சின்ன முள் 5-ஐத் தாண்டியும் இருந்தால், அவர் தைரியமாக டப்ளினுக்கு விமானம் ஏறலாம்.