சுவருக்குத் தண்ணீர் விடுவது யார்?

கேள்வி: அப்பா விட்டுப்போன மனையில் அண்ணன், நான், தம்பி மூவரும் சேர்ந்து வீடு கட்டுகிறோம். அண்ணன் துபாயிலிருந்து பணம் அனுப்புகிறார். நான் சிமெண்டும் கம்பியும் வாங்கிப் போடுகிறேன். தம்பி மேஸ்திரியைப் பார்த்துக்கொள்கிறான். ஜன்னலை இடம் மாற்றி வைத்து, இடித்துக் கட்டியதில் எங்களுக்குள் பேச்சே நின்றுவிட்டது. எழுபது வயது அம்மாவும் காலை, மாலை சுவருக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து படுத்துவிடுகிறார். அவரிடமும் மனம்விட்டுப் பேச முடியவில்லை. தவறு யாருடையது?
- மணப்பாறை வாசகர்

பதில்: ஜன்னல் கிடக்கட்டும். எழுபது வயதுத் தாய் வந்ததும் ஏன் படுத்துவிடுகிறார் என்று மூன்று பிள்ளைகளில் ஒருவராவது கேட்டீர்களா? அவர் பேசவில்லை என்பதுதான் உங்கள் குறையா?

உங்கள் கடிதத்தில் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. தண்ணீர் விடும் வேலைக்கு மட்டும் ஆள் இல்லை. கூலி மட்டும் பேசும் லேபர் கான்ட்ராக்ட் என்றால் அதைப் பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான் விடுவார்கள். நீங்கள் மூவரும் கண்டுகொள்ளவில்லை, அம்மா எடுத்துக்கொண்டார். சிமெண்ட் வாங்கும் உங்களுக்குத் தெரியாதா? சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டில் போட்ட கான்கிரீட் 10 நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். நம் வெயிலுக்கு 14 நாள் விட்டால் நல்லது. நாளை தளம் போட்டு, மேலே தண்ணீர் தேக்கப் பாத்தி கட்டினால், கைப்பிடி இல்லாத படியில் ஏறப்போவதும் அவர்தானா? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

ஜன்னல் கதையும் இதேதான். அண்ணன் வீடியோ காலில் ஒன்று சொல்லியிருப்பார், தம்பி நேரில் ஒன்று, மூட்டை இறக்க வந்த நீங்கள் இன்னொன்று. மேஸ்திரி கடைசியாகச் சொன்னவர் பேச்சைக் கேட்டிருப்பார். இனி அவரிடம் தம்பி ஒருவன்தான் பேச வேண்டும். பணம் தருகிறவர் என்பதற்காக அண்ணன் அவருக்கு போன் செய்யக் கூடாது; வரைபடத்தில் சொல்ல வேண்டியதை வேலை தொடங்கும் முன் சொல்லட்டும். பில்லும் கணக்கும் உங்களிடம். மாற்றம் எதுவானாலும் முதலில் மூவரும் பேசி, நோட்டில் எழுதி, அப்புறம்தான் மேஸ்திரிக்கு.

தண்ணீர் விடக் கூலிக்கு ஆள் வையுங்கள். அந்தக் கூலியை அண்ணன் தரட்டும். பெற்றவளுக்கு மூத்தவன் செய்ய வேண்டியது சிமெண்ட் காசோடு முடிவதில்லை. ஆள் கிடைக்கும்வரை நீங்களும் தம்பியும் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று மாலை அம்மா கையிலிருந்து ஹோஸை வாங்கிக்கொள்ளுங்கள். தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அங்கிருந்தே அண்ணனுக்கு போன் போடுங்கள்.