செடி சும்மா நிற்கிறதா?

கேள்வி: செடிகளால் ஓடவோ ஒளியவோ முடியாது. சுற்றியுள்ளதைத் தாங்கிக்கொள்வதைத் தவிர அவை வேறென்ன செய்யும்?

பதில்: தாங்குவது மட்டும்தான் என்றால் செடிக்கு அநியாயம் செய்கிறோம். மக்காச்சோளத்தையே பாருங்கள். இலையைப் புழு கடித்துத் தின்றால், சில மணி நேரத்தில் செடி தனி வாசனை ஒன்றை வெளியிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி வந்து புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். இலையைச் சும்மா கீறினால் இந்த அளவு வாசனை வருவதில்லை. கீறிய இடத்தில் புழுவின் எச்சிலைத் தடவினால் வருகிறது! 1990-இல் வெளியான இந்தச் சோதனைதான் தாவரவியலில் எனக்கு மிகவும் பிடித்தது. கடித்தது யார் என்பது செடிக்குத் தெரிகிறதே.

மண்ணுக்குள்ளும் கொடுக்கல் வாங்கல் உண்டு. பெரும்பாலான தாவரங்களின் வேர்களோடு பூஞ்சை இழைகள் சேர்ந்து வாழ்கின்றன. வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. மரங்கள் இந்த இழைகள் வழியே பேசிக்கொள்கின்றன என்று இப்போது நிறையச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை. ஆய்வாளர்களிடையே அதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

அப்புறம் தண்ணீர். வேர் உறிஞ்சுவதில் 95 சதவீதத்துக்கும் மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. மண் காய்ந்தால் செடி துளைகளை மூடிக்கொள்ளும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு நுழைவதும் அதே வழிதான் என்பதால், அப்போது வளர்ச்சியும் குறைந்துவிடும்.