நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு நாவலின் கதாபாத்திரங்களை அலசக் கற்றுக்கொடுப்பது எப்படி?

எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். என் முதல் யோசனை, 'பொன்னியின் செல்வன்' நாவலை நடத்தும்போது "வந்தியத்தேவன் எப்படிப்பட்டவன்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் வீரன், நல்லவன், புத்திசாலி என்று நோட்ஸில் உள்ள சொற்கள் வந்து விழும். வகுப்பு அதோடு நின்றுவிடும். "இந்த இடத்தில் என்ன செய்தான்? வேறு என்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள்.

நான் எடுத்துக்கொள்வது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ஐந்து பாகங்களையும் இந்த வயதில் படிக்க வைக்க வேண்டியதில்லை. முதல் பாகத்தில் கடம்பூர் மாளிகை வரும் அத்தியாயங்களே போதும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல் என்பதால் வேண்டிய பக்கங்களைத் தயங்காமல் நகலெடுத்துக் கொடுக்கலாம்.

வந்தியத்தேவன், காஞ்சியில் இருக்கும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் ஓலையோடு தஞ்சைக்குப் போகிறான். வழியில் நண்பன் கந்தமாறனின் வீடான கடம்பூர் மாளிகையில் தங்குகிறான். நள்ளிரவில் அங்கே சோழ நாட்டின் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரும் மற்றவர்களும் கூடி, கரிகாலனை விட்டுவிட்டு அவனுக்குச் சித்தப்பா முறையான மதுராந்தகனுக்குப் பட்டம் கட்டப் பேசுவதை ஒளிந்திருந்து கேட்டுவிடுகிறான். ஆனால் கேட்டதை நண்பனிடம் சொல்லவில்லை. ஏன்?

இங்கே வாசிப்பை நிறுத்திவிடுவேன். "நண்பன்தானே, நேராகக் கேட்டிருக்கலாம்" என்பான் ஒருவன். "கேட்டிருந்தால் உயிரோடு வெளியே வந்திருக்க மாட்டான்" என்பாள் இன்னொருத்தி. "காஞ்சிக்கே திரும்பி இளவரசரிடம் சொல்லியிருக்கலாம்." "அப்போ ஓலையை யார் கொண்டுபோவது?" உப்பிட்டவன் வீட்டு ரகசியமா, எஜமானனின் உத்தரவா என்ற சிக்கலை நான் வாயைத் திறக்காமலே அவர்கள் பிடித்துவிடுகிறார்கள். நான் குறுக்கே கேட்பது ஒன்றுதான்: "எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், எவ்வளவு அழகான கருத்தானாலும் அடுத்தவருக்கு வாய்ப்பு போய்விடும்.

அப்புறம் கந்தமாறன். பிற்பாடு தஞ்சையில் அவன் முதுகில் கத்திக்குத்து விழுகிறது. அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுவது வந்தியத்தேவன். கந்தமாறனோ குத்தியவனே வந்தியத்தேவன்தான் என்று நம்புகிறான். இந்தச் சம்பவத்தைத் தன் தங்கை மணிமேகலைக்குக் கந்தமாறன் ஓலையாக எழுதினால் எப்படி இருக்கும்? ஒரே நிபந்தனை, அவன் அதில் பொய் சொல்லக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. தெரிந்ததை மட்டும் வைத்து நேர்மையாகவே ஒருவன் தப்பான முடிவுக்கு வரலாம் என்பதை எழுதும்போதே பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரையும் அவசரப்பட்டு வில்லன் என்று சொல்வதில்லை.

பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியையும் இப்படியே அணுகலாம். பெரிய பழுவேட்டரையர், கரிகாலனின் தங்கை குந்தவை, நந்தினியின் அண்ணன் என்று சொல்லிக்கொள்ளும் வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியான் மூவரும் அவளைப் பற்றிச் சொல்வதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டு, சொல்பவருக்கு அவளிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பீரியட் போதாது, இரண்டு ஒதுக்கிவிடுங்கள்.

மதிப்பெண் போடும்போது முடிவுக்கு மார்க் வேண்டாம். காட்டிய வரிக்கும் அதை விளக்கிய விதத்துக்கும் போடுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள். என் வகுப்பில் சரளமாக எழுத வராத சிலர்தான் விவாதத்தில் முந்திக்கொண்டு பேசுகிறார்கள், அவர்கள் சொல்வதைப் பக்கத்து நண்பன் எழுதிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.