கேள்வியினாலே வரும்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக ஒவ்வொரு வருடமும் வேதாகமத்தை முழுதாக வாசித்து முடிக்கிறேன். அட்டவணை போட்டுத்தான் வாசிக்கிறேன் ஐயா, ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் ஒரு முடிவு எடுக்கவேண்டிய நேரம் வந்தால் தேவசித்தம் எது என்று தெரியாமல் நிற்கிறேன். இப்போது இரண்டு வேலைகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்தேன். "நீங்கள் இந்த மலையருகே தங்கியிருந்தது போதும்" என்ற வசனம் கண்ணில் பட்டது. சரி, கிளம்பச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் உறுதிப்படுத்திக்கொள்ளத் திறந்தால் "நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்று வருகிறது.

எங்கள் போதகரிடம் போனேன் ஐயா. "கீழ்ப்படிகிறவன் கேள்வி கேட்கமாட்டான், ஆபிரகாம் கேட்டானா?" என்றார். உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற எபிரெயர் 13:17ஐ எடுத்து வாசிக்கச் சொன்னார். வீட்டிலும் நிம்மதி இல்லை. தம்பியோடு பேசி நான்கு வருடம் ஆகிறது, அது வேறு விஷயம் ஐயா.

வேதத்தின்படி கீழ்ப்படிந்து நடப்பது என்றால் நடைமுறையில் என்ன? எந்த மொழிபெயர்ப்பை வாசித்தால் தெளிவு கிடைக்கும்? உபவாசம் இருந்து கேட்கவேண்டுமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

சின்னக் கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். மொழிபெயர்ப்பு: உங்களுக்குப் புரிகிற எதுவும் சரி. உபவாசம்: தாராளமாக இருங்கள், ஆனால் ஏசாயா 58ஐ வாசித்துவிட்டு இருங்கள். வேலை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கிற பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். ஆறு முறை முழு வேதத்தையும் வாசித்தவர் செய்கிற காரியமா இது? "மலையருகே தங்கியிருந்தது போதும்" என்பது ஓரேப் மலையடியில் ஒரு ஜனத்துக்குச் சொன்னது. உபாகமத்தின் முதல் அதிகாரத்தில் மோசே அந்தப் பழைய கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "சும்மாயிருப்பீர்கள்" என்பது யாத்திராகமம் 14:14. முன்னால் கடல், பின்னால் பார்வோனின் இரதங்கள். அதற்கு அடுத்த வசனத்தைப் பார்த்தீர்களா? "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப்போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு." உங்கள் விரல் ஒரு வரி கீழே இறங்கியிருந்தால் தேவசித்தம் தலைகீழாகியிருக்கும்.

வசனத்தைத் துண்டாக நறுக்கி நீட்டுகிறவன் யார் என்று மத்தேயு 4இல் இருக்கிறது: இயேசுவைச் சோதிக்க வந்த பிசாசு. தேவாலயத்து உப்பரிகையில் நின்று அவன் எடுத்துக்காட்டுவது 91ஆம் சங்கீதம். அதில் "உன் வழிகளிலெல்லாம்" என்று ஒரு சொல் உண்டு, அவன் அதை விட்டுவிட்டுச் சொல்கிறான். இயேசு மூன்று சோதனைக்கும் சொல்கிற பதில்கள் உபாகமத்தின் 6, 8 ஆகிய இரண்டே அதிகாரங்களிலிருந்து வருகின்றன. திறந்த இடத்தில் கிடைத்த வசனங்கள் இல்லை அவை. அந்த அதிகாரங்களிலேயே குடியிருந்தவர் பேசுகிற பேச்சு அது.

சரி. இனி நான் உண்மையில் பேச விரும்புவது. உங்கள் கடிதம் வந்தபோது ரோமர் 10:17ஐத்தான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். "விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்." மனப்பாடமாகத் தெரியும் உங்களுக்கு. சின்ன வயதில் நான் இதை அப்படியே நம்பினேன்: கேள்வி கேட்டால் விசுவாசம் வரும். பிறகு ஒருவர் சிரித்துக்கொண்டே திருத்தினார், இங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது என்று. அவர் சொன்னது சரிதான். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்கும் கேள்வி என்றுதான் பெயர், அதுவும் செவியைப் பற்றியதுதான். ஆனால் என் சின்ன வயதுத் தப்பு முழுத் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது.

தமிழில் 'கேள்' என்ற ஒரு வினையை வைத்துக்கொண்டு நாம் எத்தனை வேலை செய்கிறோம் பாருங்கள். பாட்டுக் கேட்கிறோம். சந்தேகம் கேட்கிறோம். உதவி கேட்கிறோம். "சொன்ன பேச்சைக் கேள்" என்று பிள்ளையை அதட்டுகிறோம். காதில் வாங்குவதும், வினவுவதும், வேண்டுவதும், சொன்னபடி செய்வதும் நமக்கு ஒரே சொல். எபிரெயத்திலும் இதற்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. கீழ்ப்படிதலுக்கென்று பழைய ஏற்பாட்டில் பெரும்பாலும் வருகிற சொல் 'ஷாமா', அதாவது கேட்டல். "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் 6:4 தொடங்குவதும் அதே சொல்லில்தான். மோரியா மலையில் ஆபிரகாமிடம் "என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தபடியினால்" என்று தேவன் சொல்கிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது "என் சத்தத்தைக் கேட்டபடியினால்". கிரேக்கத்திலும் கீழ்ப்படிதலுக்கான சொல்லைப் பிரித்தால் 'ஹுபோ' என்ற கீழும் 'அகுவோ' என்ற கேட்டலும் வரும். நம்முடைய 'கீழ்ப்படிதல்' அந்தக் கீழை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டலைத் தொலைத்துவிட்டது போல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. குனிகிறோம், காது திறக்கவில்லை.

ஆபிரகாம் கேட்டானா என்று உங்கள் போதகர் கேட்டாராம். கேட்டான்! ஆதியாகமம் 18ஐ அவர் எப்படித் தாண்டிப் போனார்? அழியவிருந்த சோதோம் பட்டணத்துக்காகத் தேவனோடு பேரம் பேசுகிறான் ஐயா அந்த மனுஷன். ஐம்பது நீதிமான்கள் இருந்தால்? நாற்பத்தைந்து? நாற்பது? முப்பது? இருபது? பத்து? ஆறு தடவை. முதல் தடவையிலேயே, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். தேவன் ஒரு தடவையாவது வாயை மூடு என்றாரா? ஆறு தடவையும் பதில் சொன்னார். 22ஆம் அதிகாரத்தில் மகனைப் பலியிடச் சொன்னபோது அவன் பேசாமல் அதிகாலையில் எழுந்து போனது, 18இல் அவ்வளவு பேசியவனுடைய மௌனம். கேட்கவே தெரியாதவனின் மௌனத்தை அதோடு சேர்த்து எடை போடக்கூடாது.

பிள்ளை பெறுவாய் என்று தூதன் சொன்னபோது மரியாள் பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். "இது எப்படியாகும்?" முதலில், "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" பிறகு. இரண்டுக்கும் நடுவில் நான்கு வசனம்கூட முழுதாக இல்லை, ஆனால் வரிசை அதுதான். சவுலைப் போய்ப் பார் என்று கர்த்தர் சொன்னபோது தமஸ்குவின் அனனியா "அந்த ஆளைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன் ஆண்டவரே" என்ற அர்த்தத்தில் தயங்கிவிட்டுத்தான் போனான். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17. சாலொமோனிடம் தேவன் "நீ விரும்புகிறதைக் கேள்" என்றார். அவன் கேட்டதை நாம் ஞானமுள்ள இருதயம் என்று வாசிக்கிறோம், மூலத்தில் அது 'கேட்கிற இருதயம்'.

எபிரெயர் 13:17க்கும் வருவோம், விடப்போவதில்லை. அங்கே 'கீழ்ப்படிந்து' என்று நாம் வாசிக்கிற இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் நான் மேலே சொன்னதல்ல, வேறொன்று. பேசி இணங்கவைப்பதோடு உறவுள்ள சொல். பவுல் ஜெபஆலயங்களில் நாள் கணக்காகப் பேசி ஜனங்களை இணங்கவைக்கப் பார்த்தான் என்று வருகிற இடங்களிலும் அதே வினைதான். இணங்கவைக்கப் பேசவேண்டிய கடமை நடத்துகிறவருக்கும் உண்டு. போதாததற்கு அந்த வசனத்தின் மிச்சம், நடத்துகிறவர்கள் கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்கிறது. வசனத்தின் முதல் பாதியை மட்டும் சத்தமாக வாசிக்கிறவர்களை எனக்குத் தெரியும். இருபது வயதில் ஒருவர் இதே வசனத்தைக் காட்டி என் வாயை அடைத்தார். அப்புறம் பல வருடம் நான் வேதத்தையே தொடவில்லை. பெயர் எதற்கு, விடுங்கள்.

இது ஏதோ சொல்லாராய்ச்சி என்று நினைக்காதீர்கள். ரோமர் 13ஐக் காட்டி ஹிட்லரின் அரசுக்குக் கீழ்ப்படியச் சொன்ன போதகர்கள் ஜெர்மனியில் நிறைய இருந்தார்கள். அதை மறுத்தவர்கள் 1934 மே மாதத்தில் பார்மென் என்ற ஊரில் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். பெரும்பகுதியை எழுதியவர் கார்ல் பார்த் என்ற இறையியலாளர். அதன் முதல் கூற்று, வேதம் சாட்சி சொல்கிற இயேசு கிறிஸ்துவே நாம் கேட்கவேண்டிய, வாழ்விலும் சாவிலும் நம்பிக் கீழ்ப்படியவேண்டிய ஒரே தேவவார்த்தை என்கிறது. 'கேட்க' என்பது முதலில் வருகிறது பாருங்கள். யாருடைய குரல் என்று கேட்டுப் பார்க்காமல் கீழ்ப்படிந்தவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

இவ்வளவும் போதகருக்கு. இனி உங்களுக்கு. உங்கள் சிறிய கடிதத்தில் நான்கு 'ஐயா' இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும், மரியாதை யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் மத்தேயு 21இல் ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். திராட்சத்தோட்டத்துக்குப் போ என்றதும் ஒருவன் "மாட்டேன்" என்கிறான், பிறகு மனம் நொந்து போகிறான். இன்னொருவன் "போகிறேன் ஐயா" என்கிறான். போகவில்லை. தமிழ் வேதாகமத்தில் அந்த ஐயாவைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகிறது. வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஆறு வருடம் ஒரு நாளும் விடாமல் "போகிறேன் ஐயா" சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்குப் பதினோரு வயதில் பாட்டிக்குக் கண் மங்கியது. சாயங்காலம் அவளுக்கு ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டுவது என் வேலை. வம்ச அட்டவணையை ஒரே மூச்சில் ஓட்டி, நாலு நாளில் மத்தேயு 5க்கு வந்துவிட்டேன். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற வசனத்தை முடித்ததும் பாட்டியின் உள்ளங்கை பக்கத்தின் மேல் வந்து விழுந்தது. "போதும்" என்றாள். பாதி அதிகாரத்தில் அவள் நிறுத்தியதே இல்லை. மறுநாள் 25ஆம் வசனத்தில் விரலை வைத்தேன். "நேத்து விட்டதையே வாசி" என்றாள்.

அவளுக்கு ஒரே தங்கை. அம்மா விட்டுப்போன ஒரு மரப்பெட்டி யாருக்கு என்பதில் வந்த சண்டை. நான் பிறப்பதற்கு முன்பே பேச்சு நின்றுவிட்டது. பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. தினமும் அதே இரண்டு வசனங்கள். ஒரு நாள், "குறை எனக்குத்தானே அவ மேல இருக்கு" என்றாள். "என்ன போட்டிருக்கு, திரும்ப வாசி." வாசித்தேன்: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று." அவளுக்கு உன் மேல், உனக்கு அவள் மேல் அல்ல. பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. இன்னொரு நாள், "சகோதரன்னுதானே இருக்கு, சகோதரின்னு இல்லையே?" என்று கேட்டாள், எனக்கு அப்போதே சிரிப்பு வந்தது. இன்னொரு நாள் கோபம். இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொன்னது என்றாள். (உண்மையில் அந்தப் பிரசங்கம் கலிலேயாவில் நடந்தது. பலிபீடம் இருந்ததோ எருசலேமில். நூறு கிலோமீட்டருக்கு மேல். காணிக்கையை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சமாதானமாகித் திரும்பிப் போக ஒரு வாரமாவது நடக்கவேண்டும். பாட்டிக்கு இது தெரியாது, தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள்.)

பத்தொன்பது நாள். அட்டவணை தவறுகிறதே என்று எனக்குத்தான் எரிச்சல். இருபதாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள், பெட்டியை எடுத்துக்கொண்டு. இருட்டின பிறகு வெறுங்கையோடு வந்தாள்.

"போய் என்ன செஞ்சே?"

"கேட்டேன்."

மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, அன்றைக்கும் இல்லை. தங்கை என்ன சொன்னாள் என்றேன். "ஒண்ணும் சொல்லலை. கதவைத் திறந்தா. மூடலை." அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்தது வாசி" என்றாள். 25ஆம் வசனம் எதிராளியோடு சீக்கிரமாய் நல்மனம் பொருந்து என்று சொல்கிறது. பாட்டி சத்தமாகச் சிரித்தாள். "இவர் விடமாட்டார்போல."

அந்த வருடம் நாங்கள் மத்தேயுவைத் தாண்டவில்லை.

எம்., அது வேறு விஷயமில்லை. இரண்டு வேலைக்கு நடுவே தேவசித்தம் தெரியவில்லை என்று ஒரு பக்கத்துக்கு எழுதியவர், வசனமே நேரடியாகச் சொல்லியிருக்கிற ஒன்றை அரை வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். உங்கள் தம்பி உங்களுக்குக் கொடுமைகூடச் செய்திருக்கலாம், எனக்குத் தெரியாது. தெரியாமல் உங்களை அதட்டுவதற்கு நீங்கள்தான் என்னை மன்னிக்கவேண்டும். போகமாட்டேன் என்று சொல்லுங்கள், ஏன் நான் போகவேண்டும் என்று கர்த்தரிடம் ஆறு தடவை கேளுங்கள், சகோதரன் என்றால் தம்பியும் உண்டா என்று வக்கீல் மாதிரி வாதாடுங்கள். எல்லாம் செய்யலாம். அந்த இடத்தைத் தாண்டி நாளைய மூன்று அதிகாரத்துக்குப் போகாதீர்கள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பொய் சொல்லாமல் செய்யமுடிகிற வேலையா என்று பார்த்து எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் தம்பியின் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.